கர்த்தருக்குப் பயந்து உண்மையாய் ஊழியம் செய்வது எப்படி

எருசலேமின் அலங்கம் (நகர மதில்) கட்டி முடிந்து கதவுகளும் போடப்பட்ட பின்பு, நகரத்தின் காவலை யாரிடம் ஒப்புவிப்பது என்ற கேள்வி, அலங்கத்தைக் கட்டுவித்த அதிபதியாகிய நெகேமியாவுக்கு முன்னால் நின்றது. தம்முடைய சகோதரனாகிய ஆனானியோடுகூட அரமனைத் தலைவனாகிய அனனியாவையும் அவர் அந்தப் பொறுப்பில் வைத்தார். அனனியாவைத் தெரிந்துகொண்டதற்கு அவர் எழுதிவைத்த காரணங்கள் இரண்டுதான்: அவன் உண்மையுள்ள மனுஷன், அநேகரைப் பார்க்கிலும் தேவனுக்குப் பயந்தவன் (நெகேமியா 7:2). போர்த்திறமையைப் பற்றியோ குலப்பெருமையைப் பற்றியோ அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. எதிரிகள் சூழ்ந்திருந்த ஒரு நகரத்தின் வாசல்களைக் காக்க இந்த இரண்டு தகுதிகளே போதும் என்று அவர் கண்டார்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடாது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது. தேவபயம் இல்லாத உண்மை, மனிதர் பார்க்கும் இடம்வரை நீடிக்கும். கண்காணிப்பு முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துபோகும். உண்மையான உழைப்பு இல்லாத தேவபயமோ உதட்டளவில் நின்றுவிடும். சபையில் பொறுப்பு வகிப்பவர்களும், புதிதாக ஒரு பொறுப்பை ஏற்க நினைப்பவர்களும், சபைப் பொறுப்பு எதுவும் இல்லாமல் வீட்டிலும் வேலையிடத்திலும் கர்த்தருக்கென்று வாழ விரும்புகிறவர்களும், இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் பழகலாம் என்பதைக் கீழே காணலாம்.

எந்தப் பயம் வேண்டும், எந்தப் பயம் வேண்டாம்

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் வேறெதையும் தொடங்கவேண்டாம். தாலந்துகளைக் குறித்து இயேசு சொன்ன உவமையில் (மத்தேயு 25), எஜமான் பெருக்கும்படி ஒப்புவித்த பணத்தில் ஒரு தாலந்தைப் பெற்ற வேலைக்காரனும் பயந்தவன்தான். எஜமான் கடினமுள்ளவர் என்று எண்ணினான். அந்த எண்ணத்தில் பிறந்த பயம் அவனைப் பூமியைத் தோண்டிப் பணத்தைப் புதைக்க வைத்ததே தவிர உழைக்க வைக்கவில்லை. தேவனைக் கொடியவராகக் கற்பனை செய்துகொள்ளும் பயம் எப்போதும் இப்படித்தான் செய்யும்: தவறு நேர்ந்துவிடுமோ என்று கைகளைக் கட்டிப்போடும், பிறகு அதற்குப் பணிவு என்று பெயர் சூட்டிக்கொள்ளும்.

சீனாய் மலையடிவாரத்தில் மோசே ஜனங்களைப் பார்த்துப் பயப்படாதிருங்கள் என்று சொல்லி, அதே வாக்கியத்தில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார் (யாத்திராகமம் 20:20). ஓடி ஒளியச் செய்யும் திகிலை அவர் விலக்கினார். பாவத்தை விட்டு விலகச் செய்யும் பயபக்தியையோ நிலைநிறுத்தினார். 130-ஆம் சங்கீதம் இன்னும் ஆழமாகப் போகிறது: கர்த்தரிடத்தில் மன்னிப்பு உண்டு, ஆகையால் அவருக்குப் பயப்படவேண்டும் என்கிறது. தண்டனைக்கு அஞ்சுகிறவனுக்கு மன்னிப்புக் கிடைத்தவுடன் பயம் தீர்ந்துவிடும். தன்னை மன்னிக்கத் தேவகுமாரன் சிலுவையில் கொடுத்த கிரயத்தை அறிந்தவனுக்கோ மன்னிக்கப்பட்ட பிறகுதான் பயபக்தி தொடங்குகிறது.

இந்தப் பயபக்தியை வளர்க்கும் வழியைச் சாமுவேல் தம் பிரியாவிடைப் பேச்சில் காட்டியிருக்கிறார். கர்த்தருக்குப் பயந்து முழு இருதயத்தோடும் உண்மையாய் அவரைச் சேவியுங்கள் என்று சொன்ன கையோடு, அவர் உங்களுக்கு எவ்வளவு மகிமையான காரியங்களைச் செய்தார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள் என்றார் (1 சாமுவேல் 12:24). ஆகவே ஊழியத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும், செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பு, சற்று நேரம் அமர்ந்து கர்த்தர் செய்தவற்றை நினையுங்கள். பொதுவாக “எல்லா நன்மைகளுக்கும் நன்றி” என்று முடித்துவிடாமல், இன்ன பாவத்தை மன்னித்தார், இன்ன நோயில் தாங்கினார், இன்ன கடினமான உரையாடலில் வார்த்தை தந்தார் என்று பெயர் சொல்லி நினைப்பது பயன் தரும். ஏசாயா 6, யோபு 38 முதல் 41 வரை, வெளிப்படுத்தின விசேஷம் 1 ஆகிய பகுதிகளை ஆண்டில் பலமுறை சத்தமாகவும் நிதானமாகவும் வாசியுங்கள். அவற்றை வாசித்து எழுந்திருக்கும்போது, நாம் செய்யப்போகும் வேலை நம்முடையதல்ல என்பது தானாகவே மனதில் பதியும்.

பொறுப்பை ஏற்பதற்கு முன்பு

நேர்ந்துகொண்டதைச் செலுத்தத் தாமதியாதே, நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைப் பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. கூட்டத்தின் உற்சாகத்தில் கை தூக்கிவிட்டு மூன்றாம் வாரத்திலிருந்து காணாமற்போவது இந்த எச்சரிப்பின் கீழ் வருகிற காரியம். ஒரு பொறுப்பு உங்களிடம் வரும்போது உடனே தலையசைக்காமல், இதில் என்னென்ன செய்யவேண்டும், எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு நான் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்ற மூன்றையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவகாசம் கேட்டு ஜெபித்து, வீட்டாரோடும் பேசி, அதன்பின் பதில் சொல்லுங்கள். அவகாசம் கேட்பது விசுவாசக் குறைவல்ல.

வீட்டாரோடு பேசுங்கள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்கிறார் (1 தீமோத்தேயு 3:5). ஆசாரியராகிய ஏலி தம்முடைய குமாரர் பலியிறைச்சியில் கைவைத்ததை அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை. கர்த்தரைவிடத் தம் குமாரரையே மதித்தார் என்ற தீர்ப்பை அவர் கேட்கவேண்டியிருந்தது. நம் காலத்தில் பலரிடம் நேர்வது இதன் மறுபக்கம்: பிள்ளைகளை மிதமிஞ்சி மதித்ததால் அல்ல, மதிக்காமல் விட்டதால் வரும் கேடு. மாலைதோறும் வெளியே ஊழியம் செய்துவிட்டு, வீட்டில் வயதான தாயோடு பத்து நிமிடம் பேச நேரமில்லாதவர், தாம் ஏற்றுக்கொண்ட முதல் ஊழியத்தையே விட்டுவிட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

பொறுப்பு சிறியதாக இருக்கிறதே என்று தயங்கவேண்டாம். 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரம் ஆலயப் பணியாளரின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகையில், சல்லூமின் மூத்த குமாரனாகிய மத்தித்தியா என்பவருக்குச் சட்டிகளில் சுடப்பட்ட அப்பங்களை விசாரிக்கிற பொறுப்பு இருந்ததென்று சொல்லி, அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் பதிவு செய்கிறது. வாசற்காவலாளர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எண்ணிக்கையும் கொடுக்கிறது. சட்டியையும் சாவியையும் கையாண்டவர்களின் பெயர்களைப் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார் என்றால், நாற்காலி அடுக்குவதையும் விளக்கேற்றுவதையும் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதையும் இளைஞர்களுக்கு விட்டுவிட்டுப் பெரியவர்கள் மேடைக்கு மட்டும் காத்திருக்க நியாயம் இல்லை. கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவன் என்றார் ஆண்டவர்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது

பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர தாவீது புறப்பட்ட நாளில் எல்லாருடைய எண்ணமும் நல்ல எண்ணமே. புதிய இரதம், இசைக்கருவிகள், முப்பதினாயிரம் பேர், மகிழ்ச்சி, எதிலும் குறைவில்லை. வழியில் மாடுகள் இடறின, ஊசா பெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினான், அங்கேயே விழுந்து செத்தான். பெட்டியை இரதத்தில் ஏற்றி அனுப்பும் முறை பெலிஸ்தருடைய முறை. கர்த்தர் கொடுத்திருந்த முறையோ, ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியரில் ஒரு வம்சத்தாராகிய கோகாத் புத்திரர் அதைத் தண்டுகளால் தோளின்மேல் சுமக்கவேண்டும் என்பது. மற்ற லேவியருக்கு வண்டிகள் கொடுக்கப்பட்டபோது அவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படாததற்குக் காரணமும் அதுவே (எண்ணாகமம் 7:9). மூன்று மாதங்களுக்குப் பிறகு தாவீது இதை உணர்ந்து, நாம் நியாயமானபடி அவரைத் தேடாமற்போனோம் என்று லேவியரிடம் ஒத்துக்கொண்டார் (1 நாளாகமம் 15:13). இரண்டாம் முறை பெட்டி தோள்களின்மேல் வந்தது. மகிழ்ச்சியும் குறையவில்லை, தாவீது முழுப் பலத்தோடும் நடனம் பண்ணினது அந்த இரண்டாம் முறைதான். பயபக்தி ஆராதனையின் களிப்பைக் கெடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதை நடைமுறையில் கொண்டுவர ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: “இந்த வேலையைக் குறித்து வேதம் என்ன சொல்லியிருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேனா, அல்லது வேறெங்கோ வெற்றியாக நடந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டேனா?” பிரசங்கிப்பவர் என்றால், எடுத்த வசனம் அந்த அதிகாரத்தில் என்ன பொருளில் நிற்கிறது என்று பார்க்காமல் தம் கருத்துக்கு அதைத் துணையாக்கக்கூடாது. தனக்குத் தோன்றியதைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்வதைப்பற்றி இன்னும் கடுமையாகவே சொல்லவேண்டும்: அவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்வது, அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும். “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று சொல்வதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

சிறந்ததைக் கொண்டுவருதல்: ஒரு வேதபாட வாசிப்பு

தீர்க்கதரிசியாகிய மல்கியாவின் காலத்தில் ஆசாரியர்கள் குருடும் முடமும் நோயுமான விலங்குகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை உன் அதிபதிக்குச் செலுத்திப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று கர்த்தர் கேட்டார் (மல்கியா 1:8). வேலை கொடுத்த அதிகாரியிடம் காட்ட நாணும் அரைகுறையை ஆராதனையில் வைக்கிறோமா என்பதுதான் இன்றும் கேள்வி.

ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்வோம். பலர் இதற்கு ஆயத்தம் தேவையில்லை என்று நினைக்கிறார்கள்; அச்சில் இருப்பதை வாசிப்பதுதானே என்கிறார்கள். சபையார் அந்த வாரத்தில் கேட்கும் வார்த்தைகளில் பிழையற்றது அது ஒன்றே என்பதை நினைத்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். பகுதி எதுவென்று தெரிந்த நாளிலேயே அதை முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களோடு ஒருமுறை வாசியுங்கள். அடுத்த நாள் சத்தமாக வாசியுங்கள். வாய் எங்கே தடுமாறுகிறது என்பது சத்தமாக வாசிக்கும்போதுதான் தெரியும். பெயர்கள் நிறைந்த பகுதியானால் அவற்றை அசை பிரித்து ஒரு தாளில் எழுதிப் பழகுங்கள். யார் பேசுகிறார், பேச்சு எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறிகள் இல்லாததால், கர்த்தருடைய பேச்சும் தீர்க்கதரிசியின் பேச்சும் கேட்பவர் காதில் கலந்துபோவது எளிது. நீண்ட வாக்கியத்தில் மூச்சு விடும் இடத்தை முடிவு செய்யுங்கள். ஆராதனை நாளில் முன்னதாகவே வந்து, வாசிக்கும் மேடையில் வேதாகமத்தைத் திறந்து, பக்கத்தைக் கண்டு அடையாளம் வையுங்கள். எழுந்து நின்றபின் பகுதியை அறிவித்து, சபையார் பக்கம் புரட்டும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். வாசித்து முடித்தபின் உங்கள் சொந்த விளக்கம் எதையும் சேர்க்காமல் உட்காருங்கள்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வேதபாரகராகிய எஸ்றாவின் நாளில் லேவியர் நியாயப்பிரமாணத்தைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியா 8:8 சொல்கிறது. கேட்ட ஜனங்கள் அழுதார்கள். பாடல் நடத்துகிறவரும், ஞாயிறு பள்ளி ஆசிரியரும், வாசலில் நின்று வரவேற்கிறவரும் இதே கவனத்தைத் தத்தம் வேலைக்கு ஏற்றபடி கொண்டுவரலாம்.

காணிக்கைப் பணம்

ஊழியத்தில் பலர் விழுகிற இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தேவனுக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கணக்கு எதற்கு, நம்பிக்கை இல்லையா என்ற பேச்சு சபைகளில் அடிக்கடி எழும். வேதம் காட்டும் வழக்கம் நேர்மாறானது. தேவபயம் அதிகமாக இருந்த இடங்களில்தான் கணக்கும் கண்டிப்பாக இருந்தது.

எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்டபோது, ஆலயத்துக்கென்று கொடுக்கப்பட்ட வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியரின் தலைவரில் 12 பேரைப் பிரித்தெடுத்து அவர்களிடம் நிறுத்துக் கொடுத்தார். வெள்ளி 650 தாலந்து, பொன் 100 தாலந்து, பணிமுட்டுகள் வேறு. நீங்களும் பரிசுத்தமானவர்கள், இந்தப் பணிமுட்டுகளும் பரிசுத்தமானவைகள் என்று அவர்களிடம் சொன்னவர், அந்தப் பரிசுத்தத்தைக் காரணம் காட்டி எடைபோடாமல் விடவில்லை. ஏறக்குறைய நான்கு மாதப் பயணம் முடிந்து எருசலேமில் சேர்ந்தபின், நாலாம் நாளிலே எல்லாம் மறுபடியும் எண்ணப்பட்டு நிறுக்கப்பட்டது, நிறை எழுதியும் வைக்கப்பட்டது (எஸ்றா 8). வழியில் வரக்கூடிய எதிரிகளைக் குறித்து ராஜாவிடம் காவற்சேனை கேட்க வெட்கப்பட்டு உபவாசித்துத் தேவனை நம்பிப் புறப்பட்டவரும் இதே எஸ்றாதான். பாதுகாப்புக்குத் தேவனை நம்பினார். கணக்குக்குத் தராசை வைத்தார்.

யோவாஸ் ராஜாவின் நாட்களில், யோய்தா என்னும் ஆசாரியர் ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார். பணம் சேர்ந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியரும் வந்து இருவருமாக எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12). மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் சேர்ந்த தர்மப்பணத்தைப் பவுல் தாம் தனியே எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறொரு சகோதரரையும் அனுப்பினார். ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று அதற்குக் காரணம் எழுதினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனாகிய பவுலுக்கே தேவைப்பட்ட ஏற்பாடு நமக்குத் தேவையில்லை என்று சொல்லக்கூடியவர் யார்?

ஆகவே காணிக்கையை ஒருபோதும் ஒருவர் தனியாக எண்ணவேண்டாம். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், ஆராதனை முடிந்தவுடன், அந்த இடத்திலேயே எண்ணவேண்டும். நோட்டுகளை மதிப்பு வாரியாகப் பிரித்து, ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, இரண்டும் ஒத்தபின் தொகையை மையினால் எழுதி, இருவரும் கையொப்பமிடவேண்டும். எழுதியதைத் திருத்த நேர்ந்தால் அழிக்காமல் ஒரு கோடு அடித்து, அருகில் இருவரும் சுருக்கொப்பமிடலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று எழுதிய உறைகளைத் தனியே வைத்து, அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடவேண்டும். அவசரத்துக்கு மாற்றி எடுத்துப் பிறகு வைத்துவிடலாம் என்பதுதான் பல வீழ்ச்சிகளின் முதல் படி. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எண்ணும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. பணத்தைக் கையாளுபவர் வேறு, கணக்கைச் சரிபார்ப்பவர் வேறாக இருக்கட்டும். செலவுக்குச் சீட்டு இல்லாமல் பணம் திருப்பித் தரவேண்டாம். போதகராக இருந்தாலும் கேளுங்கள், தேவபயமுள்ள போதகர் அதற்காக வருந்தமாட்டார்.

உரிமை இருந்தும் எடுத்துக்கொள்ளாத ஒரு மேன்மையும் உண்டு. நெகேமியா 12 ஆண்டுகள் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கியிருந்தார்கள். நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார் (நெகேமியா 5:15). வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதை வேதமே சொல்லுகிறது, முழுநேர ஊழியர்களைப் பட்டினி போடுவது பாவம். ஆயினும் பாரம் சுமக்கும் ஜனங்களைப் பார்த்து, கிடைக்கக்கூடியதை விட்டுக்கொடுக்கும் மனம் தேவபயத்தின் தெளிவான கனிகளில் ஒன்று.

ஒருவரும் பார்க்காத இடங்களில்

ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா கர்த்தருக்கு மிகவும் பயந்து நடந்தவன். ராணியாகிய யேசபேல் தீர்க்கதரிசிகளைச் சங்கரித்தபோது அவன் நூறு பேரை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் (குகைகளில்) ஒளித்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினான் (1 இராஜாக்கள் 18). பஞ்ச காலத்தில், அந்த ராணியின் கண்ணெதிரே, நூறு பேருக்கு உணவு கொண்டுபோவது எத்தனை கவலை நிறைந்த வேலை! அவனுக்கு ஆசாரிய உடையும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. எலியா கர்மேலில் நின்ற நாள் எல்லாருக்கும் தெரியும். ஒபதியாவின் நாட்களை அந்த நூறு பேரே அறிவார்கள்.

ஊழியம் என்றால் சபைக் கட்டடத்துக்குள் நடப்பது மட்டும் என்று எண்ணுகிறவர்கள் ஒபதியாவைப் பார்க்கவேண்டும். அலுவலகத்தில் எழுதும் அறிக்கை, வகுப்பில் திருத்தும் விடைத்தாள், நோயாளிக்கு மாற்றும் படுக்கை விரிப்பு எதுவானாலும், மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லி, வேலைக்காரரைப் பார்த்தே பவுல் எழுதினார் (கொலோசெயர் 3:23). பாரிஸ் நகரின் கர்மேல் சபைத் துறவியர் மடத்தில், 17-ஆம் நூற்றாண்டில் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களுக்கு நடுவிலும் தேவசந்நிதியிலேயே இருக்கப் பழகினார் என்பதற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார்.

மறைவிடத்தில் கவனிக்கவேண்டியவற்றுள் நாவை முதலில் வைப்பேன். ஜெபிக்கச் சொல்லி ஒருவர் உங்களிடம் தம் குடும்பத் துயரத்தைச் சொன்னால், அது உங்களிடமும் கர்த்தரிடமும் மட்டுமே இருக்கட்டும். “இவருக்காக ஜெபியுங்கள்” என்ற பெயரில் குழுவுக்குக் குழு பரவும் செய்திகள் எத்தனையோ பேரைச் சபையை விட்டே விரட்டியிருக்கின்றன. பிறருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருந்தால் அவரிடமே அனுமதி கேளுங்கள். ஒரு குழந்தைக்கோ பலவீனமானவருக்கோ கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும், எவர் மறைக்கச் சொன்னாலும் மறைக்கவேண்டாம்; சபையின் பெயர் கெடும் என்று மூடி வைப்பது ஏலியின் வழி. உரிய அதிகாரிகளிடம் உடனே தெரிவிப்பதே தேவபயம்.

அடுத்தது கண்களும் கைப்பேசியும். நான் இத்தனை பெரிய பொல்லாப்புக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று கேட்ட யோசேப்பு, வீட்டு மனுஷரில் ஒருவரும் உள்ளே இல்லாத நாளிலும் உடன்படாமல் ஓடிப்போனான். தனிமையில் தோற்றுக்கொண்டே மேடையில் தொடருகிறவர்கள், நம்பத்தக்க முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் அறிக்கையிட்டு, தேவையானால் சிறிது காலம் பொறுப்பிலிருந்து விலகி நிற்கட்டும். விலகி நிற்பது முடிவல்ல. பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் பிற்காலத்தில், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அழைத்துவரச் சொன்னார்.

புகழ் வரும்போதும் கண்டிப்பு வரும்போதும்

உசியா ராஜா தேவனைத் தேடின நாட்களில் தேவன் அவருடைய காரியங்களை வாய்க்கச் செய்தார். அவர் பலப்பட்டபோதோ மனம் மேட்டிமையாகி, தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தார். அசரியாவும் 80 ஆசாரியர்களும் எதிர்த்து நின்றபோது கோபம் கொண்டார். அந்தக் கோபத்தின் நடுவில்தான் நெற்றியில் குஷ்டம் தோன்றியது (2 நாளாகமம் 26). கண்டிப்பைக் கேட்டுத் திரும்பியிருந்தால் அன்று அவர் வேறுவிதமாக வீடு திரும்பியிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

யாராவது உங்கள் ஊழியத்தில் குறை சொன்னால், உடனே பதில் சொல்லாமல் நன்றி சொல்லி, ஓர் இரவு கடந்தபின் தேவனுக்கு முன்பாக அதைச் சீர்தூக்கிப் பாருங்கள். பாராட்டினால், மறுக்கும் நாடகம் வேண்டாம். நன்றி சொல்லி அடுத்த வேலைக்குப் போங்கள். கட்டளையிடப்பட்ட யாவையும் செய்த பின்பும், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம் என்று சொல்லச் சொன்னவர் ஆண்டவர் (லூக்கா 17:10).

களைப்பும் கனியற்ற காலமும்

சாக வேண்டுமென்று கோரிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவிடம் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை; தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிப் போஜனம் கொடுத்தான். களைத்தவர் முதலில் உறங்கட்டும், உண்ணட்டும். தனக்கு மிஞ்சின பாரத்தைச் சுமந்த மோசேயிடம் அவருடைய மாமனாராகிய எத்திரோ, தேவனுக்குப் பயந்தவர்களும் உண்மையுள்ளவர்களும் பொருளாசையை வெறுக்கிறவர்களுமானவர்களைத் தெரிந்துகொண்டு வேலையைப் பகிரச் சொன்னார். எல்லாவற்றையும் தானே செய்வதை உண்மை என்று எண்ணவேண்டாம்.

கனி தெரியாத காலம் இதைவிடக் கடினம். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்தில் இறங்கினார். அவருடைய ஊழியத்தின் முதல் கனியாகிய கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கேரி தம் மகன் ஒருவனைப் புதைத்தார், மனைவியின் மனநோயைச் சுமந்தார், ஆயினும் வேதாகம மொழிபெயர்ப்பை விடவில்லை. 1812-இல் செராம்பூர் அச்சகம் தீக்கிரையாகி கையெழுத்துப் பிரதிகள் அழிந்தபோதும் மறுபடி தொடங்கினார். உக்கிராணக்காரனிடம் (எஜமானின் பொருளை நிர்வகிப்பவனிடம்) தேடப்படுவது உண்மை என்றே 1 கொரிந்தியர் 4:2 சொல்கிறது. விளைச்சலை அளக்கும் வேலை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. சோர்ந்த நாளில் எண்ணிக்கைகளைப் பார்ப்பதை நிறுத்தி, இந்த வாரம் எனக்கு ஒப்புவிக்கப்பட்டது என்ன, அதைச் செய்தேனா என்று மட்டும் கேளுங்கள்.

ஒப்படைத்தல்

லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வந்து, 50 வயதில் அந்தச் சேவையை விட்டுவிடவேண்டும், அதன்பின் தங்கள் சகோதரரோடே காவல் காத்து உதவியாக இருக்கலாம், வேலையை மட்டும் செய்யவேண்டியதில்லை என்று எண்ணாகமம் 8:24-26 விதிக்கிறது. அந்த வயதுக்கணக்கு நமக்குக் கட்டளை அல்ல. ஆனால் பொறுப்புக்கு ஒரு முடிவு உண்டு, முடிந்தபின்னும் ஓர் இடம் உண்டு என்ற அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பில் இருக்கும்போதே ஒருவரை உடன் வைத்துப் பழக்குங்கள். எந்தத் திறவுகோல் எங்கே, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்தக் கணக்கில் எவ்வளவு மீதி, எந்த வாக்குறுதி இன்னும் நிறைவேறவில்லை என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். கணக்கைச் சாட்சிகளுக்கு முன்பாக ஒப்படைத்து ரசீது பெறுங்கள். புதியவர் வேறு விதமாகச் செய்தால், அது வேதத்துக்கு விரோதமாக இல்லாதவரை, சபையாரிடம் அதைப்பற்றிப் பேசாதிருங்கள்; அவர் வந்து கேட்டால் சொல்லுங்கள். அவருக்காக நாள்தோறும் பெயர் சொல்லி ஜெபிக்கும் வேலை உங்களிடம் தொடர்ந்து இருக்கிறது.